ஐந்து சென்டில் ஒரு முகம்: ஹோபோ நிக்கல் பிறந்த கதை

நாணயம் சேகரிப்பவர்களிடம் ஒரு பொது விதி உண்டு: காசின் மேல் கை வைத்தால் விலை போச்சு. துளை போட்டது, வளையம் பற்றவைத்தது, அரத்தால் ராவியது, தேய்த்துப் பளபளப்பாக்கியது எல்லாமே அவர்கள் கணக்கில் ஊனப்பட்ட காசுதான். காசுமாலையிலிருந்து கழற்றிய விக்டோரியா சவரனைக் கொண்டுபோய்க் கொடுத்தால், விவரமானவர் முதலில் தேடுவது வளையம் பற்றவைத்த தழும்பை. தழும்பு தெரிந்துவிட்டால் பேச்சு தங்கத்தின் எடைக்கு இறங்கிவிடும்.

இந்த விதியைத் தலைகீழாக்கிய காசு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. யாரும் கை வைக்காமல் தேய்ந்துபோயிருந்தால் அது ஒன்றிரண்டு டாலர் பெறும். நல்ல கையால் வெட்டுப்பட்டிருந்தால் ஆயிரக்கணக்கில் போகும். அதன் பெயர் ஹோபோ நிக்கல். ஐந்து சென்ட் காசை அமெரிக்கர்கள் நிக்கல் என்பார்கள். சரக்கு ரயிலில் டிக்கெட் இல்லாமல் தொற்றிக்கொண்டு, ஊர் ஊராக வேலை தேடிப்போன நாடோடித் தொழிலாளிக்கு ஹோபோ என்று பெயர். அந்த நாடோடியும் அந்தக் காசும் சந்தித்த இடத்தில் பிறந்தது இந்தக் கலை. பெயர் வைத்தது மட்டும் நெடுநாள் கழித்து.

உளி ஏற்கெனவே இருந்தது

காசை வெட்டி வேறொன்றாக்கும் பழக்கத்தை ஹோபோக்கள் தொடங்கிவைக்கவில்லை. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள், செப்புக் காசின் இரு முகங்களையும் வழவழவென்று தேய்த்து, அதில் தங்கள் பெயரையும் பிரியும் தேதியையும் மறந்துவிடாதே என்ற வேண்டுகோளையும் பொறித்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். 1797இல் வந்த கனமான செப்புப் பென்னி இதற்கு வாகாக அமைந்தது. அப்படிப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட காசுகள் இன்று ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரான்சில் இதே வேலை கேலிக்குப் பயன்பட்டது. 1870இல் செடான் போரில் மூன்றாம் நெப்போலியன் பிரஷ்யர்களிடம் பிடிபட்டதும், அவர் முகம் பொறித்த காசுகளில் தலைக்கு மேல் கூர்முனை வைத்த பிரஷ்யத் தொப்பியைச் செதுக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றில் எட்வர்ட் மன்னரின் முகத்துக்குக் குறுக்கே பெண்களுக்கு வாக்குரிமை என்ற முழக்கத்தை எழுத்து எழுத்தாக அடித்து இறக்கினார்கள். அந்தக் காசு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காதலர்கள் வெள்ளிக் காசின் ஒரு பக்கத்தைத் தேய்த்து, பெயரின் முதலெழுத்துகளைக் கொடிபோல் பின்னிப் பொறித்துப் பரிசளித்துக்கொண்டார்கள். குறும்புக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வெள்ளி டாலரில் கம்பீரமாக அமர்ந்திருந்த சுதந்திர தேவியின் ஆசனத்தைச் செதுக்கி மலச்சட்டியாக மாற்றிவிட்டார்கள். அரசின் முத்திரையைச் சாமானியன் தன் கையால் திருத்தும் ஆசை எல்லா நாட்டிலும் இருந்தது. அந்த ஆசைக்குத் தோதான காசுதான் இல்லை. பத்து சென்ட் காசு மிகச் சிறியது. டாலர் பெரியது, ஆனால் அதை வெட்டி விளையாட ஏழையால் முடியாது.

ஃபிரேசரின் காசு

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு காசின் வடிவத்தை நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் மாற்ற வேண்டுமானால் 25 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். 1883இல் வந்த நிக்கலுக்கு அந்தக் கெடு 1908இலேயே முடிந்திருந்தது. புதிய நிக்கலை வடிக்கும் பொறுப்பு ஜேம்ஸ் எர்ல் ஃபிரேசர் என்ற சிற்பிக்கு வந்தது. மினசோட்டாவில் பிறந்து டகோட்டா சமவெளியில் வளர்ந்தவர் அவர். வேறெந்த நாட்டுக் காசோடும் குழம்பாத, அமெரிக்க மண்ணுக்கே உரிய காசாக அது இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஒரு பக்கம் பழங்குடித் தலைவரின் முகம், மறுபக்கம் காட்டெருது. அந்த முகம் தனி ஒருவருடையதல்ல. லகோட்டா இனத்து அயர்ன் டெயில், செயென் இனத்து டூ மூன்ஸ் உள்ளிட்ட சிலரின் சாயல்களைச் சேர்த்து வடித்தது.

காசு அவ்வளவு எளிதில் வெளியே வரவில்லை. தானியங்கி விற்பனை எந்திரங்களில் போலிக் காசைக் கண்டுபிடிக்கும் கருவி செய்த ஹாப்ஸ் நிறுவனம், புதிய காசு தங்கள் கருவியில் சரியாக ஓடாது என்று திருத்தத்துக்கு மேல் திருத்தம் கேட்டது. மாதங்கள் இழுத்தன. கடைசியில் கருவூலச் செயலர் ஃபிராங்க்ளின் மெக்வே, ஒரு நிறுவனத்துக்காகக் கலைப்படைப்பைக் கெடுக்க முடியாது என்று முடித்துவைத்தார். 1913 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பழங்குடியினர் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் முதல் காசுகள் வழங்கப்பட்டன. மார்ச் 4 முதல் பொதுப் புழக்கம்.

செதுக்குபவன் கண்ணுக்கு இந்தக் காசு வேறு மாதிரித் தெரிந்தது. அதற்கு முந்தைய சில்லறைக் காசுகளில் தலை சிறியது, சுற்றிலும் எழுத்து, நட்சத்திரம், வெற்றிடம். ஃபிரேசரின் தலையோ காசின் விளிம்புவரை நிறைந்திருந்தது. பெரிய மூக்கு, எடுப்பான கன்ன எலும்பு, கனத்த பின்னல், மேலே இறகு. வெட்டுவதற்கும் நகர்த்துவதற்கும் உலோகம் தாராளமாக இருந்தது. நூற்றுக்கு 75 பங்கு செம்பும் 25 பங்கு நிக்கலும் கலந்த கலவை உளிக்குச் சற்று முரண்டுபிடிக்கும். வெட்டி முடித்துவிட்டால் நுணுக்கம் எளிதில் மழுங்காது. 21.2 மில்லிமீட்டர் குறுக்களவு, 5 கிராம் எடை. மறுபக்கத்துக் காட்டெருதும் வாய்ப்பாகிப்போனது. அதைக் கழுதையாக்கினார்கள், யானையாக்கினார்கள், ஆமையாக்கினார்கள், முதுகில் மூட்டையோடு நடக்கும் நாடோடியாகவும் ஆக்கினார்கள்.

ரயில் பாதையோரம்

காசு வெளியான 1913ஆம் ஆண்டிலேயே செதுக்கல் தொடங்கிவிட்டது. தேர்ந்த பழைய வேலைப்பாடுகளில் பல அந்த ஆண்டுக் காசிலேயே கிடைக்கின்றன. எல்லாவற்றையும் ஹோபோக்களே செய்தார்கள் என்பது பிற்காலக் கற்பனை. நகை வேலை செய்பவர், முத்திரை வெட்டுபவர், போருக்குப் போன சிப்பாய் என்று பலர் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஹோபோவிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று தாராளமாக இருந்தது: நேரம். சரக்கு ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம், அறுவடை வேலை தொடங்கக் காத்திருக்கும் நேரம். தண்டவாளத்துக்குப் பக்கத்து மரத்தடிகளில் அவர்கள் கூடிச் சமைத்துத் தூங்கிய முகாம்களை அவர்கள் பேச்சில் ஜங்கிள் என்பார்கள். அங்கே கருவி என்று சிறிய பேனாக்கத்தி, கூராக்கிய ஆணி, தகர உளி, கையில் அகப்பட்ட சுத்தி.

கணக்கும் எளிமையானது. அன்று ஐந்து சென்ட் அற்பமல்ல. நியூயார்க் சுரங்க ரயிலில் 1904 முதல் 1948 வரை டிக்கெட் விலை ஐந்து சென்ட்தான். அந்தக் காசை அப்படியே கொடுத்தால் ஐந்து சென்டுக்கு உண்டானது கிடைக்கும். அதில் ஒரு முகத்தைச் செதுக்கிக் கொடுத்தால் ஒரு வேளைச் சாப்பாடோ ஒரு இரவு படுக்கையோ கிடைக்கலாம். சில நேரம் வீட்டுக்காரரின் முகத்தையே செதுக்கிக் கொடுப்பதும் உண்டு.

வழக்கமான வேலைப்பாடு இப்படித்தான் இருக்கும். இறகும் உச்சி முடியும் வெட்டுப்பட்டு, வட்ட மகுடம் கொண்ட டெர்பி தொப்பி வரும். சாப்ளின் படங்களில் நாம் பார்த்த அதே தொப்பி. பின்னல் போய்விடும், அந்த இடத்தில் காது முளைக்கும், கழுத்தில் சட்டைக் காலர் வரும், தாடையில் தாடி அடரும். இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. பழங்குடி மனிதனின் முகத்தைக் காசில் ஏற்றிப் பெருமைப்படுத்த நினைத்தார் சிற்பி. காசு தெருவுக்கு வந்ததும் முதலில் வெட்டுப்பட்டவை அவனுடைய இறகும் பின்னலும்தான். தனக்கென்று முகம் இல்லாமல் அலைந்தவன், நிலம் பறிபோனவனின் முகத்தை அழித்துத் தன் முகத்தை வரைந்துகொண்டான்.

பெர்ட்டும் போவும்

பெரும்பாலானோர் பெயர் தெரியாமலே போனார்கள். பெயர் தெரிந்த முன்னோடிகளில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் பெர்ட்ரம் வீகண்ட், எல்லோருக்கும் பெர்ட். 1880இல் பிறந்து 1949இல் இறந்தவர். அவருடைய கையொப்பமே ஒரு குறும்பு. காசில் லிபர்ட்டி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளையும் கடைசி எழுத்தையும் அரத்தால் அழித்துவிடுவார். மிஞ்சும் நான்கு எழுத்துகள் பெர்ட் என்று நிற்கும். சுதந்திரம் என்ற சொல்லுக்குள்ளேயே தன் பெயரைக் கண்டெடுத்தவர்.

இன்னொருவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹியூஸ், நண்பர்களுக்கு போ. மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினத்தவர், விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன். ஆய்வாளர் டெல் ரோமைன்ஸ் தொகுத்த வரலாற்றின்படி, பதின்பருவத்தில் வீட்டை விட்டு ஓடிவந்து 1915 வாக்கில் ஜங்கிள் ஒன்றில் பெர்ட்டைச் சந்தித்து, அவரிடமே தொழில் கற்றார். குரு மறைந்த பிறகும் செதுக்கிக்கொண்டே இருந்தார். 1957இல் உளி நழுவிக் கையில் பட்ட காயத்துக்குப் பிறகு நுணுக்கமான வெட்டு அவருக்கு வசப்படவில்லை. அடுத்து வந்த காசுகளில் கோடுகள் முரடாகின்றன, உளியால் வெட்டுவதைவிடக் குத்தி அடிப்பது கூடுகிறது. அவருடைய இரண்டு கட்டக் காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் காயம் எப்போது ஏற்பட்டது என்று காசே சொல்லிவிடும்.

மற்றவர்களுக்குச் சேகரிப்பாளர்கள்தான் பெயர் வைத்தார்கள், அதுவும் வேலைப்பாட்டைப் பார்த்து. நிலக்கடலை வடிவில் காது செதுக்கிய ஒருவருக்குக் கடலைக்காதர் என்று பொருள்படும் பட்டப்பெயர். ஊரும் பெயரும் தெரியாத ஒருவரைக் காதின் வளைவை வைத்தே இன்று அடையாளம் சொல்கிறார்கள்.

பெயர் சூட்டு விழா

ஃபிரேசரின் காசு அச்சாவது 1938இல் நின்றது. இடத்தை ஜெஃபர்சன் முகம் பிடித்துக்கொண்டது. செதுக்கிய காசுகள் இழுப்பறைகளிலும் பொத்தான் டப்பாக்களிலும் கிடந்தன. நாணய வணிகர்களுக்கு அவை ஊனப்பட்ட காசுகள். 1980களின் தொடக்கத்தில் ரோமைன்ஸ் அவற்றைத் தேடித் தொகுத்தார், 1982இல் ஹோபோ நிக்கல் பற்றித் தனிப் புத்தகம் கொண்டுவந்தார். பெயர் பரவியது அதன் பிறகுதான். 1992இல் இதற்கென்றே ஹோபோ நிக்கல் சங்கம் ஒன்று தோன்றி, காசுகளைப் பார்த்து உண்மைத்தன்மைக்குச் சான்று கொடுக்கவும் தொடங்கியது.

ஆக, இந்தப் பொருள் இரண்டு முறை பிறந்தது. 1913இல் உளிமுனையில் ஒரு முறை, எழுபது ஆண்டுகள் கழித்துச் சேகரிப்பாளரின் லென்ஸுக்கு அடியில் இன்னொரு முறை. இரண்டாவது பிறப்பில்தான் விலை வந்தது. விலை வந்தால் போலி வராமல் இருக்குமா?

தேய்மானம் சொல்லும் சாட்சி

வழக்கமான நாணயத்தில் கேள்வி ஒன்றுதான்: இது அரசு அச்சடித்ததா? ஹோபோ நிக்கலில் அந்தக் கேள்விக்கு மதிப்புக் குறைவு. காசு அசல்தான். அதை வெட்டியது எப்போது, யார் கை என்பதே கேள்வி. இதற்கு விடை சொல்லும் சாட்சி காசின் இரண்டு பக்கங்களிலும் இருக்கிறது. பெரும்பாலும் முகப்பக்கத்தில் மட்டுமே வெட்டியிருப்பார்கள். வெட்டாத காட்டெருதுப் பக்கம் காசின் முழு ஆயுளையும் வாங்கிய தேய்மானத்தோடு நிற்கிறது. வெட்டிய பக்கத்திலோ, வெட்டுக்குப் பிறகு வந்த தேய்மானம் மட்டும்தான் பதிந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே, வெட்டுப்படுவதற்கு முன்பு காசு எவ்வளவு காலம் புழங்கியது என்பதன் அளவு.

காட்டெருது முழுக்கத் தேய்ந்து, முகப்பக்கத்து வெட்டு மட்டும் கூர்மையாக இருந்தால், காசு நெடுங்காலம் புழங்கிய பிறகே உளி பட்டிருக்கிறது. இன்றைய வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஃபிரேசர் காசில் ஆண்டு எண் மேடான இடத்தில் இருந்ததால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆண்டு தெரியாத காசுகள் மலிவாக நிறையக் கிடைப்பதால் புதிதாகச் செதுக்குபவர்கள் அவற்றை விரும்புகிறார்கள். இரு பக்கமும் ஒரே அளவில் மெல்லத் தேய்ந்திருந்தால், காசு இளமையிலேயே வெட்டுப்பட்டு, பிறகு யாருடைய சட்டைப்பையிலோ ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கிறது. சேகரிப்பாளர் முகம் மலர்வது இதற்குத்தான். இரு பக்கமும் புதுக் கருக்கு மாறாமல் இருந்தால் சற்றுச் சங்கடம். அன்றே செதுக்கிப் பத்திரப்படுத்தியதாகவும் இருக்கலாம், நன்றாக இருந்த பழைய காசில் நேற்று செதுக்கியதாகவும் இருக்கலாம்.

அப்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். பழைய வெட்டின் உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரிப் பழுப்பேறியிருக்கும். புதிய வெட்டு உள்ளே பளிச்சிடும். அதை மறைக்க ரசாயனம் பூசினால் பள்ளங்களில் மட்டும் ஒரே சீரான கருமை தங்கிவிடும். அடுத்து, கருவியின் தடம். சுழலும் மின்கருவி விட்டுப்போகும் சீரான கீறல்களை ஜங்கிளில் ஆணி வைத்து வெட்டியவனால் உண்டாக்கியிருக்க முடியாது. பொருளும் துப்புத் தரும். பழைய காசில் டெர்பி தொப்பியும் தாடியும் அதிகம், மண்டையோடு அபூர்வம். சந்தையில் இன்று குவியும் மண்டையோடுகள் பெரும்பாலும் புதியவை.

செதுக்கவே செய்யாமல், அச்சில் அடித்தோ வார்த்தோ வரும் மலிவுச் சரக்கு தனி ரகம். ஒரே முகம், ஒரே கீறல், ஒரே ஆண்டு எண்ணோடு பத்துக் காசு கண்ணில் பட்டால் அவை செதுக்கியவை அல்ல. தராசில் வைத்தால் 5 கிராம் வராது. சிலவற்றைக் காந்தம் இழுக்கும். அசல் நிக்கலைக் காந்தம் இழுக்காது. பெர்ட்டின் பெயருக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் மூன்று எழுத்துகளை அழிப்பதும் எளிதாகிவிட்டது. அதனால் கையொப்பத்தை நம்பாமல் தாடியின் கோட்டையும் காதின் அமைப்பையும் பின்னணியைச் சமன்செய்த விதத்தையும் ஒப்பிட்ட பிறகே பெயர் சொல்வார்கள்.

விலை எங்கிருந்து வருகிறது

மாற்றப்பட்ட எல்லாக் காசுக்கும் இந்த யோகம் இல்லை. 1883 நிக்கலில் ரோமன் எண் ஐந்து மட்டும் இருந்தது, சென்ட் என்ற சொல் இல்லை. அளவோ ஐந்து டாலர் தங்கக் காசுக்கு மிக நெருக்கம். எத்தர்கள் முலாம் பூசி, விளிம்பில் வரி வெட்டி ஐந்து டாலராகத் தள்ளிவிட்டார்கள். அந்த ஆண்டே காசில் சென்ட் என்ற சொல் சேர்க்கப்பட்டது. கதை ஹோபோ கதைக்குச் சளைத்ததல்ல. ஆனால் முலாம் 1883இல் பூசியதா, போன மாதம் பூசியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால் சேகரிப்பாளர் அதற்கு அதிக விலை கொடுக்கத் தயங்குகிறார்.

இரு பக்கமும் தலை கொண்ட காசும் அப்படியே. நம்மவர்களுக்கு 1975இல் வந்த ஷோலே படத்தில் ஜெய் சுண்டிப்போடும் காசு நினைவுக்கு வரும். சந்தையில் கிடைப்பவை அனேகமாக ஒரு காசைக் குடைந்து இன்னொன்றை உள்ளே பொருத்தியவை. விளிம்பின் உட்புறம் நகம் வைத்துத் தடவினால் இணைப்புக் கோடு தட்டுப்படும், சுண்டினால் நாதம் மந்தமாக இருக்கும். அது மந்திரவாதிக்கான சாமான், சில டாலர் பெறும்.

ஹோபோ நிக்கலில் காலமும் கையும் காசின் மேலேயே எழுதப்பட்டிருக்கின்றன, அதனால் விலை நிற்கிறது. கரடுமுரடானது முதல் மிகச் சிறந்தது வரை ஐந்து படியாக வேலைப்பாட்டைத் தரம் பிரிக்கிறார்கள். சுமாரான பழைய காசு சில பத்து டாலருக்குள் கிடைக்கும். பெர்ட், போ என்று உறுதியானால் ஆயிரங்களில் பேச்சு. அடிக்காசு எந்த ஆண்டு, எந்த அச்சகம் என்பது இங்கே பெரும்பாலும் இரண்டாம்பட்சம்.

புதிய காசு என்றால் மட்டம் என்றும் பொருளல்ல. ரஷ்யாவின் ரோமன் பூட்டீன் போன்றோர் காசுக்குள் மூடி திறக்கும், பாகங்கள் அசையும் நுட்பம் வைக்கிறார்கள். பழைய ஹோபோ நிக்கல்கள் பலவற்றைவிட அவற்றுக்கு விலை அதிகம். இன்று செதுக்குபவர்கள் பெயரும் ஆண்டும் பொறித்துவிடுவதால் வருங்காலத்துக்குத் துப்பறியும் வேலை மிச்சம். அமெரிக்கச் சட்டம், ஏமாற்றும் நோக்கத்தோடு காசை மாற்றுவதைத்தான் குற்றம் என்கிறது. நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் காசை உருக்கவும் அழிக்கவும் தடை விதிக்கிறது. ஆகையால் ஐந்து ரூபாய்க் காசை எடுத்து உளி வைக்க நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை போதும். முதலில் வேலைப்பாடு, அடுத்தது தேய்மானம், அதற்கடுத்தது பெயர், கடைசியில் கதை. ரயில் பாதையோரம் எங்கள் தாத்தா ஒரு நாடோடிக்குச் சோறு போட்டு வாங்கியது என்று விற்பவர் சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். கதை இலவசமாக வந்தால் கேட்டுக்கொள்ளலாம். அதற்கென்று தனியாக விலை வைத்தால் லென்ஸை எடுத்துக் காட்டெருதின் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும்.